கமிட்டிக் கணக்கைக் கேட்கிறோம், ஊராட்சிக் கணக்கை எப்போது கேட்பது? குமரி மாவட்டக் குடிமக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவில் கொடைத் திருவிழா முடிந்த மறுவாரம் எங்கள் ஊரில் கமிட்டிக் கணக்கு வாசிப்பார்கள். பந்தல்காரருக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, அன்னதானத்துக்கு வாங்கிய அரிசி இத்தனை மூட்டை, வரி பாக்கி வைத்த வீடுகள் இத்தனை என்று ஒன்றுவிடாமல் வாசிப்பார்கள். ஒரு முறை, மிச்சமான தேங்காயை விற்ற காசு எந்தப் பக்கத்தில் வரவாகியிருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து கேட்டார். செயலாளர் நோட்டைப் புரட்டி அந்த வரியைக் காட்டிய பிறகுதான் பாட்டி உட்கார்ந்தார். கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குப் பேரவையிலும் இதுதான் நடக்கிறது. ஜமாஅத்திலும் ஊர்வகை என்னும் ஊர்ப் பொது அமைப்பிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் இதுதான் நடக்கிறது. கணக்கைக் கேட்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை இல்லை.

அதே பாட்டி ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்ததில்லை. நான் அழைத்தபோது, "அது கட்சிக்காரங்க கூட்டம்தானே மக்களே" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் நம் ஜனநாயகத்தின் நோய் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஊர்க் கமிட்டியின் பணம் நம் பணம், ஊராட்சியின் பணம் யாருடையதோ என்று நமக்குத் தோன்றிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். எழுதப் படிக்கத் தெரிந்த, கூட்டம் நடத்தத் தெரிந்த, கணக்குக் கேட்கத் தெரிந்த மக்கள் அந்தப் பழக்கத்தை ஊராட்சி அலுவலகத்துக்கும் நகராட்சி மன்றத்துக்கும் கொண்டுபோவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் தடைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்களே இல்லாமல் உள்ளாட்சிகள் நடப்பது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243E பிரிவு சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இரண்டாவது, ஓட்டுக்குப் பணம். மூன்றாவது, சாதியையும் மதத்தையும் தொட்டுக் கிளப்பும் வதந்தி. நான்காவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் உழைக்கிறவன் எங்கே இருக்கிறான்? விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர் பத்து மணிக்கும் தோட்டத்தில் இருக்கிறார். அண்டி (முந்திரி) ஆலைக்குப் போன பெண்ணுக்கு அரை நாள் கூலி போகும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் கரைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும். இவர்கள் வராத கூட்டத்தில் இவர்களுக்கான முடிவு எடுக்கப்படுகிறது.

முதல் படி: நீங்கள் எந்த உள்ளாட்சியில் இருக்கிறீர்கள்?

இது எளிய கேள்வி போலத் தெரியும், ஆனால் குமரி மாவட்டத்தில் பலருக்கு இதில்தான் முதல் தடுமாற்றம். 2019 தேர்தலின்போது இங்கே 9 ஊராட்சி ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள் இருந்தன. அவற்றோடு ஏறக்குறைய ஐம்பது பேரூராட்சிகள், குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல், கொல்லங்கோடு போன்ற நகராட்சிகள், 52 வார்டுகள் கொண்ட நாகர்கோவில் மாநகராட்சி. தென்னந்தோப்பும் வயலும் குளமுமாக இருக்கும் ஊர்கூடச் சட்டப்படி பேரூராட்சியாக இருக்கும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தவராக எண்ணப்பட்டது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, கிராம சபை என்பது கிராம ஊராட்சிக்கு மட்டுமே உண்டு என்பது. பேரூராட்சிக்காரர் கிராம சபை நாளில் எங்கே போய் நிற்பது? தமிழ்நாடு முழுவதற்கும் எழுதப்படும் கையேடுகள் கிராம சபையைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு நம் மாவட்டத்தின் பெரும்பாலானோரைத் தெருவில் விட்டுவிடுகின்றன. அவர்களுக்கு ஐந்தாம் படியில் தனியாகச் சொல்கிறேன். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்த அலுவலகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுவே உங்கள் உள்ளாட்சி. வார்டு எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வாக்காளர் பட்டியல்

பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கிராம சபையிலும் இடம் இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தாம் சபையின் உறுப்பினர்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கவோ ஆட்சேபம் தெரிவிக்கவோ படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டில் நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

வளைகுடா நாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள், திருமணமாகிக் கேரளத்துக்குப் போனவர்கள், அங்கிருந்து இங்கே வந்தவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதைவிட, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்த்துவிடலாம். நாற்பது வீட்டுத் தெருவுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

மூன்றாம் படி: கிராம சபைக்குத் தயாராவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். முன்பு நான்காக இருந்தவை 2022-இல் ஆறாயின. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். நமக்கு அந்த நாள் அதைவிடப் பெரியது. 1956-இல் அந்த நாளில்தான் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் மனிதர்கள் செத்து விழுந்தார்கள். யார் நம்மை ஆள வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம் என்று சொன்னதற்காக விழுந்தார்கள். நவம்பர் 1 காலையில் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, அதே நாளில் கூடும் கிராம சபைக்குப் போகாமல் வீடு திரும்புவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கூட்டத்துக்குப் போகும்போது பத்துக் குறைகளை எடுத்துச் செல்லாதீர்கள். ஒன்றை எடுங்கள், அதை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையா? சானல் நீர்வளத் துறையினுடையதா, ஊராட்சியின் ஓடையா என்று முதலில் பாருங்கள். குளத்தில் ஆக்கிரமிப்பா? கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கா? கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். "எங்கள் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்பவருக்கு "நடவடிக்கை எடுக்கிறோம்" என்ற பதில்தான் கிடைக்கும். "இந்தப் புல எண்ணில் உள்ள குளத்தின் மேற்குக் கரையில் கலுங்கு (நீர் வெளியேறும் வழி) அடைபட்டிருக்கிறது, கன்னிப்பூ என்னும் முதல்போக நெல் நடவுக்குள் திறக்க வேண்டும்" என்று சொன்னால் அலுவலர் பேனாவை எடுப்பார்.

கூட்ட அறிவிப்பு ஏழு நாட்களுக்கு முன் வர வேண்டும். வராவிட்டால் நீங்களே அலுவலகத்தில் கேட்டு, நேரத்தையும் இடத்தையும் தெரிந்துகொண்டு ஊருக்குச் சொல்லுங்கள். மதச் சார்புள்ள வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்று அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. கோவில் மண்டபத்தில் வைத்தால் சிலரும் ஆலய அரங்கில் வைத்தால் வேறு சிலரும் வராமல் போகும் ஊர்கள் நம்மிடம் உண்டு. பள்ளிக்கூடமோ சமுதாய நலக்கூடமோ எல்லோருக்கும் பொது. மத்தியான நேரத்தில்தான் பால் வெட்டுபவர்களும் ஆலைப் பெண்களும் வர முடியும் என்றால், நேரத்தை மாற்றக் கேட்டு ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவை ஒரு மாதம் முன்பே கொடுங்கள்.

நான்காம் படி: கூட்டத்துக்குள்

இங்கே நான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். வாசலில் மேசை, மேசைமேல் நீல அட்டை போட்ட பதிவேடு. "கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே போங்க" என்றார்கள். பேனாவை வாங்கியவன் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் பக்கங்களில் நாற்பது ஐம்பது பெயர்கள் ஏறியிருந்தன. தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. உள்ளே பேசியது ஒன்று, பிறகு அந்தப் பக்கங்களில் ஏறியது இன்னொன்று. ஆறு மாதம் கழித்து நகல் வாங்கிப் பார்த்தபோது, கூட்டத்தில் யாருமே பேசாத ஒரு பணி எங்கள் எல்லோருடைய ஒப்புதலோடும் நிறைவேறியதாக எழுதியிருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. வருகைப் பதிவில் கையெழுத்திடும்போது பெயருக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுவேன். தீர்மானங்களை எழுதி முடித்து, வாசித்துக் காட்டச் சொல்வேன். வாசித்த பிறகு கடைசித் தீர்மானத்தின் கீழே கோடு போடச் சொல்வேன். இதைத் தனி ஆளாகச் சொன்னால் சண்டைக்காரன் என்பார்கள். நான்கு பேர் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து ஒரே கோரிக்கையை மரியாதையாகச் சொன்னால் அது சபையின் குரலாகிவிடும்.

கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் மாவட்டத்து ஊராட்சிகள் மக்கள் நெருக்கமானவை என்பதால் பெரும்பாலும் 200 அல்லது 300 பேர் வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

என்ன கேட்பது? நான்கு கேள்விகள் எந்த ஊராட்சிக்கும் பொருந்தும். சென்ற கூட்டத்துத் தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை? சென்ற கூட்டத்திலிருந்து இன்றுவரை வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு? கடைசித் தணிக்கை அறிக்கையில் என்ன குறை சுட்டப்பட்டிருக்கிறது? வீட்டுத் திட்டத்துக்கும் மற்ற திட்டங்களுக்கும் பயனாளிகளாகத் தேர்வானவர்கள் யார், எந்த வரிசையில்? தணிக்கை அறிக்கையைக் கேட்கும்போது முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபைக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பதும் ஒன்று என்பதைக் குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும் பணப் பட்டுவாடாவையும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஊரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் அந்தப் பக்கங்களை அச்செடுத்து நான்கு பேரிடம் கொடுத்தால், சபையில் பேச்சின் தரமே மாறிவிடும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உண்டு. தலைவி உட்கார்ந்திருக்க, அவருடைய கணவர் பதில் சொல்லும் காட்சியையும் கண்டிருப்பீர்கள். அப்போது கேள்வியைத் தலைவியைப் பார்த்தே கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். முதல் முறை தயங்குவார். இரண்டாவது முறை பேசுவார். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்குக் கிராம சபை இன்னும் கூர்மையான கருவி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, நிலத்தின்மீதும் வனத்தின்மீதும் உள்ள உரிமைக் கோரிக்கையைப் பெற்றுப் பரிசீலித்துத் தீர்மானிக்கும் வேலை கிராம சபையிலிருந்துதான் தொடங்குகிறது.

தலைவர் நாற்காலி காலியாக இருந்தால் சபையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். வாக்காளர்கள் இருக்கும்வரை கிராம சபை இருக்கிறது. தனி அலுவலர் காலத்தில்தான் அதற்கு அதிகமாகப் போக வேண்டும். அப்போது நம்மைத் தவிர கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஐந்தாம் படி: பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்காரர்கள்

நகராட்சி, மாநகராட்சி வார்டுகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகளை 2022-இல் வந்த விதிகள் ஏற்படுத்தின. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டில் குழு அமைந்திருக்கிறதா, உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். பெயர் மட்டும் இருந்து கூட்டம் நடக்காத வார்டுகளில், கேட்பவர் ஒருவர் வந்ததும் கூட்டம் நடக்கத் தொடங்கும்.

பேரூராட்சியில் நான் சொல்வது வேறு வழி. மாதக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து கவனிக்கச் செயல் அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். கூட்டப் பொருள் நிரலையும் தீர்மான நகலையும் கேட்டுப் பெறுங்கள். பேரூராட்சி வார்டு சிறியது. இருநூறு முந்நூறு வீடுகள் இருக்கும் வார்டில் மக்களே மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடிக் கவுன்சிலரை அழைத்துப் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஊர்க் கூட்டத்துக்குத் தண்டோரா போட்ட வழக்கம் உள்ள நமக்கு இது புதிதும் இல்லை. அந்தக் கூட்டத்தின் முடிவுகளை எழுதி, வந்தவர்கள் கையெழுத்திட்டு, ஒரு நகலைச் செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு உள்ள சட்ட பலம் அதற்கு இல்லைதான். ஆனாலும் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வர இருக்கும் கவுன்சிலர் அந்தக் காகிதத்தை அலட்சியப்படுத்த மாட்டார்.

ஆறாம் படி: பத்து ரூபாயில் ஆவணம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டணவில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆவணத்தைக் கேளுங்கள். தெருவில் போட்ட வடிகால் பற்றியென்றால் இப்படி எழுதலாம்:

"தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பிரிவு 6(1)-இன்கீழ், எங்கள் ஊராட்சியில் சென்ற நிதியாண்டில் பள்ளித் தெருவில் அமைத்த வடிகால் பணி தொடர்பான கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன். 1. மதிப்பீடு. 2. பணி ஆணை. 3. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்கள். 4. பணம் வழங்கிய பற்றுச்சீட்டு. 5. பணி நிறைவுச் சான்று."

விண்ணப்பத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அலுவலகம் மாறிப்போனாலும் கவலை இல்லை. உரிய இடத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று பிரிவு 6(3) சொல்கிறது.

இந்தப் பட்டியலில் உயிர் இருப்பது மூன்றாவதில். எம்-புக் என்று அலுவலகங்களில் சொல்லும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதியிருக்கும். நகல் கைக்கு வந்ததும் நாங்கள் மூன்று பேர் கொத்தனாரின் டேப்பை வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போனோம். ஒருவர் முனையைப் பிடித்தார், ஒருவர் இழுத்தார், நான் எழுதினேன். புத்தகத்தில் இருந்த நீளம் தெருவில் இல்லை. கடைசி மூன்று வீடுகளின் முன்னால் வடிகாலே இல்லை. யாரையும் திருடன் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடுத்த கிராம சபையில் வாசித்தோம். மழைக்கு முன் அந்த மூன்று வீடுகளுக்கும் வடிகால் வந்தது.

பணி நடக்கும்போதே போய்ப் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் இதே சட்டத்தின் பிரிவு 2 இடம் தருகிறது. கடலரிப்புத் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் கட்டு) கேட்டுப் போராடிப் பெறும் கடற்கரை ஊர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். கல்லின் எடை மதிப்பீட்டில் எவ்வளவு, லாரியில் வந்தது எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பதில் வரவில்லையா, அரைகுறையா? 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே காத்திருப்பு நீளும் என்பதை மனத்தில் வையுங்கள். 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதற்கான வாசலை முன்பைவிட அகலமாக்கிவிட்டது. எனவே ஆட்களைப் பற்றிய விவரத்தைக் குறைத்து, பணியையும் பணத்தையும் பற்றிய ஆவணங்களையே கேளுங்கள்.

ஏழாம் படி: மனு

திங்கட்கிழமைதோறும் நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் தனிக் குறைதீர் கூட்டங்கள் உண்டு. நிலம், பட்டா, வருவாய்ச் சிக்கல் என்றால் ஆண்டுக்கொரு முறை வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தி. தொலைபேசியில் என்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. மனு எண்ணை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

எட்டாம் படி: பெரிய திட்டங்கள் வரும்போது

வடிகாலையும் தெருவிளக்கையும் ஊராட்சியில் கேட்கலாம். கடலையும் மலையையும் மாற்றும் திட்டத்தை எங்கே கேட்பது? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாட்களாவது முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். நேரில் பேசலாம், எழுத்திலும் கொடுக்கலாம். கூட்டம் முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும். பேசியவற்றின் சுருக்கத்தை முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். அதுவரை இருக்கையைவிட்டு எழுந்திருக்காதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

கிள்ளியூர் வட்டக் கடற்கரையில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-இல் கருத்துக்கேட்பு அறிவித்தார்கள். கடலோர மக்களின் எதிர்ப்பால் அது ஒத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்களித்தது. தன் முற்றத்து மணலைப் பற்றிப் பேச ஒரு மேசையும் ஒலிவாங்கியும் கேட்ட மக்களுக்கு அந்த மேசையே இல்லை என்றாகிவிட்டது. இது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். மேசை இல்லாதபோது மிஞ்சியிருப்பது கிராம சபைத் தீர்மானமும், சட்டமன்றத்தில் நம் ஆறு தொகுதிகளின் உறுப்பினர்களும், நாடாளுமன்றத்தில் நம் ஒரே உறுப்பினரும், நீதிமன்றமும். நான்கு வழியிலும் செல்ல வேண்டும், நான்கிலும் எழுத்தில் செல்ல வேண்டும்.

எழுத்தின் வலிமையை ஒக்கி புயலில் இந்த மாவட்டம் பார்த்தது. 2017 நவம்பர் கடைசியில் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அரசிடம் தெளிவாக இல்லை. கடற்கரைப் பங்குகள் வீடு வீடாகப் போய்ப் பெயரையும் படகையும் குறித்துப் பட்டியல் திரட்டின. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, அவர்களுடைய அழுகைக்குப் பின்னால் அந்தப் பட்டியலும் இருந்தது.

ஒன்பதாம் படி: வதந்தியை நிறுத்துவது

1982-இல் மண்டைக்காட்டில் மூண்ட மதக் கலவரத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அந்த நாட்களில் வாய்வழிச் செய்தி ஊரிலிருந்து ஊருக்கு ஓடியது. இன்று வாட்ஸ்அப்பில் அதே செய்திக்கு அரை நிமிடம் போதும். தேர்தல் நெருங்கும்போதும் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும்போதும் இது கூடும். கோவில் கமிட்டி, பங்கு, ஜமாஅத் மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் எண்ணை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான செய்தி வந்தால் குழுவில் பகிர்வதற்கு முன் அந்த ஆறு பேரில் ஒருவருக்குப் பேசுங்கள். ஒரு முறை எங்கள் பகுதியில் கொடிமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று இரவில் செய்தி பரவியது. எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் டார்ச்சோடு போய்க் கொடிமரம் நிற்பதைப் படமெடுத்து அனுப்பினார். அத்தோடு முடிந்தது.

பத்தாம் படி: தேர்தல் நாட்களில்

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு விவரங்களைப் படிவம் 26-இல் பிரமாணமாகக் கொடுத்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அது கிடைக்கும். அதை அச்செடுத்துப் படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒட்டி வையுங்கள். கருத்து எதுவும் எழுத வேண்டாம், தாளே பேசும். பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நேரில் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். பெயர் வெளியிடாமலும் செய்ய வழி உண்டு. பணம் வாங்கியவர்களை ஏசிப் பயனில்லை என்பது என் அனுபவம். கடலுக்குப் போகாத மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய் வீட்டுக்கு வருகிறபோது அதை மறுக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது மறுத்தவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழியில் அந்த ஐந்தாண்டில் எவ்வளவு இழந்தோம் என்று அந்த வீட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

பதினோராம் படி: ஒரு நோட்டு

கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, என்ன கேட்டோம், யாரிடம், மனு எண் அல்லது தீர்மான எண், என்ன நடந்தது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஏழு வரிகள் இருக்கின்றன. நான்குக்கு நேராகப் பச்சை மையில் "முடிந்தது" என்று எழுதியிருக்கிறோம். ஒன்றுக்கு நேராக "தகவல் ஆணையம், காத்திருக்கிறோம்" என்று இருக்கிறது. மேற்குக் குளத்துக் கலுங்கு இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது, அதன் கட்டம் வெறுமையாக இருக்கிறது. கடைசி வரி தெருக்குழாய். அது பாட்டி எழுதச் சொன்னது. சென்ற கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், செலவுக் கணக்கை வாசித்து முடித்ததும் எழுந்து, மோட்டார் பழுதுபார்த்த தொகை இரண்டு முறை வந்திருக்கிறதே, இரண்டு தடவை கெட்டதா என்று கேட்டார். பதில் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும். தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்.